விறைப்புப் பிரச்சினையா? லேகியம் வாங்கும் முன் சுகரைப் பாருங்கள்

ஒருநாள் வேலைக் களைப்பு, ஒருநாள் வீட்டில் சண்டை, ஒருநாள் நண்பர்களோடு உட்கார்ந்ததில் ரெண்டு பெக் கூடிப்போனது. இப்படி ஏதோ ஒரு காரணத்தால் உறவு நேரத்தில் விறைப்பு வராமல் போவதும், வந்தது பாதியிலேயே தளர்ந்துவிடுவதும் ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் எப்போதாவது நடக்கிறதுதான். அது நோய் இல்லை, அதற்கு வைத்தியமும் வேண்டாம். உறவுக்குப் போதுமான விறைப்பு வராத நிலை, அல்லது வந்தும் நிற்காத நிலை, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் மருத்துவர்கள் அதை விறைப்புக் குறைபாடு என்கிறார்கள்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துவிடலாம். விந்தணு எண்ணிக்கை குறைவது ஒரு பிரச்சினை, விந்து சீக்கிரம் வெளியேறிவிடுவது வேறொரு பிரச்சினை, விறைப்பு வராதது மூன்றாவது. விந்தணு குறைவாக உள்ள பலருக்கு விறைப்பில் ஒரு குறையும் இருக்காது. விறைப்பில் சிக்கல் உள்ளவருக்கு விந்தணு கோடிக்கணக்கில் இருக்கலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, பரிசோதனை வேறு, மருந்து வேறு. மூன்றுக்கும் ஒரே டப்பாவை நீட்டுகிறவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது மட்டும்தான்.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால், நினைப்பதைவிட அதிகம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம் நடத்தி 1994ல் வெளியிட்ட ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு லேசாகவோ கடுமையாகவோ இந்தச் சிக்கல் இருந்தது. பாதிக்கு மேல்! அவ்வளவு பேருக்கு இருக்கிற ஒன்றை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஆணுறுப்புக்குள் எலும்பு கிடையாது, கையை மடக்கி நீட்டுகிற மாதிரி நம் இஷ்டத்துக்கு இயக்குகிற தசையும் அதற்குள் கிடையாது. நீளவாக்கில் பஞ்சு போன்ற இரண்டு குழல்கள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அந்தப் பஞ்சுக்குள் இருக்கும் மென்தசைகள் இறுகியே இருக்கும், ரத்தம் கொஞ்சமாகத்தான் வந்து போகும். ஆசை வந்ததும் மூளையிலிருந்தும், தொடும்போது தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்தும் நரம்பு வழியாகச் செய்தி இறங்குகிறது. நரம்பு முனைகளும் ரத்தக்குழாயின் உள்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை மிக நுண்ணிய அளவில் வெளிவிடுகின்றன. அது சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற பொருளை உண்டாக்க, இறுகிக் கிடந்த தசை தளர்கிறது, தமனி விரிகிறது, ரத்தம் பாய்ந்து பஞ்சு உப்புகிறது. வேடிக்கையைப் பாருங்கள், வெளியே உறுப்பு விறைக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற தசை தளர வேண்டும்.

ரத்தம் வந்தால் மட்டும் போதாது, அங்கேயே நிற்கவும் வேண்டும். உப்பிய பஞ்சு, தன்னைச் சுற்றியுள்ள கெட்டியான உறையில் போய் அழுத்தும்போது, ரத்தத்தை வெளியே கொண்டுபோகிற சிரைகள் இடையில் மாட்டி நசுங்கி அடைபடுகின்றன. சைக்கிள் டியூபுக்குக் காற்று அடிக்கிற கணக்குதான்: பம்பும் வேலை செய்ய வேண்டும், வால்வும் பிடிக்க வேண்டும். பம்பில் கோளாறு என்றால் விறைப்பே வராது, வால்வில் கோளாறு என்றால் வந்த வேகத்தில் போய்விடும்.

வேலை முடிந்ததும் பி.டி.இ.-5 என்ற நொதி அந்த சைக்ளிக் ஜி.எம்.பி.யை உடைத்துப்போட, தசை மறுபடி இறுகி எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரை வேலை செய்வது இங்கேதான். அட்ரீனலினும் தசையை இறுக்கிவிடும். பயந்தால், பதறினால், கோபப்பட்டால் உடம்பில் சுரக்கிற அதே அட்ரீனலின்தான். நாய் துரத்தும்போது யாருக்கும் விறைப்பு வராது. முதலிரவில் வராமல் போவதற்கும் பெரும்பாலும் காரணம் அதுதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒரு வாயு ரத்தக்குழாய்க்குச் செய்தி சொல்கிறது என்பதே ஒரு காலத்தில் நம்ப முடியாததாக இருந்தது. அதைக் கண்டுபிடித்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் 1998ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. ஆல்ஃபிரட் நோபல் பணம் சம்பாதித்தது நைட்ரோகிளிசரினை டைனமைட்டாக்கி விற்று. வயதான காலத்தில் அவருடைய இதய நோய்க்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்ததும் அதே நைட்ரோகிளிசரின். அது ரத்தக்குழாயை விரிப்பது நைட்ரிக் ஆக்ஸைடாக மாறித்தான் என்பது அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. கதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, மாத்திரை பக்கம் வரும்போது இதே விஷயம் உயிர் போகிற விஷயமாகத் திரும்ப வரும்.

காரணம் பெரும்பாலும் ரத்தக்குழாய்

மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு இது புரிந்திருக்கும்: விறைப்பு என்பது அடிப்படையில் ரத்த ஓட்டம். அதனால் ரத்தக்குழாயைக் கெடுக்கிற எல்லாமே விறைப்பையும் கெடுக்கும். சுகர், பிரஷர், கொழுப்பு, சிகரெட், தொப்பை, உட்கார்ந்தே இருக்கிற வேலை. மாரடைப்புக்குக் காரணம் என்று டாக்டர் சொல்கிற பட்டியல் அப்படியே இங்கேயும் பொருந்தும்.

ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனியின் உள்விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். உடம்பு முழுக்க ஒரே மாதிரி கொழுப்பு படிந்தால் எது முதலில் அடைபடும்? சின்னதுதான். அதனால் பலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே விறைப்பில் குறை தெரிய ஆரம்பிக்கிறது. இதய மருத்துவர்கள் இதை முன்னறிவிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயதில், மற்றபடி நன்றாக இருக்கிற ஒருவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பு குறைந்துகொண்டே வந்தால், அவர் பார்க்க வேண்டியது படுக்கையறைப் பிரச்சினையை மட்டும் இல்லை. நம் ஊரில் ஆண்கள் வெட்கப்பட்டு இதை மறைப்பதில் எனக்கு இருக்கிற கோபமே இதுதான். உடம்பு ஐந்து வருடம் முன்கூட்டியே சொல்கிறது, நாம் அதைக் கேட்காமல் அஸ்வகந்தா பாக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

சுகரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் அடிக்கிறது. ரத்தக்குழாயின் உள்சுவரையும் கெடுக்கிறது, செய்தி கொண்டுபோகிற நரம்பையும் கெடுக்கிறது. கால் மரத்துப்போகிறது, பாதத்தில் எரிச்சல் என்று சுகர்காரர்கள் சொல்வது எந்த நரம்புப் பாதிப்போ அதேதான் இங்கேயும். மற்றவர்களைவிடப் பத்து, பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே அவர்களுக்கு விறைப்புச் சிக்கல் வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நடத்தி 2023ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுகர் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. பலருக்குத் தனக்கு சுகர் இருப்பதே தெரியாது. விறைப்பு வரவில்லை என்று போய் ரத்தம் எடுத்துப் பார்த்து, அப்போதுதான் சுகர் 280 என்று தெரிய வருகிறவர்கள் உண்டு.

மற்ற காரணங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தண்டுவடத்தில் அடி, புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சை, பக்கவாதம், பார்க்கின்சன் போன்றவை நரம்பு வழியாகப் பாதிக்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும், பால் சுரப்புக்கான புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடினாலும், தைராய்டு கெட்டாலும் பாதிக்கும், ஆனால் ஹார்மோன் குறைபாட்டில் முதலில் போவது பெரும்பாலும் ஆசைதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பெருங்குடிகாரர்களுக்கும், குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்றுபோய்த் தூங்குகிறவர்களுக்கும் இது அதிகம்.

நாம் சாப்பிடுகிற மருந்தும் காரணமாக இருக்கலாம். பிரஷருக்குக் கொடுக்கிற சில பழைய பீட்டா பிளாக்கர்கள், சிறுநீர் பிரிய வைக்கிற மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் வகை, மனநோய்க்கான சில மருந்துகள், முடி கொட்டுவதற்குச் சாப்பிடுகிற ஃபினாஸ்டரைடு. இதைப் படித்துவிட்டு நாளைக்கே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் விறைப்பு திரும்பும் என்று உறுதியில்லை, பக்கவாதம் வரும் வாய்ப்போ நிச்சயம் கூடும். எழுதிக்கொடுத்த டாக்டரிடமே சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார், பிரஷருக்கு இந்தத் தொந்தரவு குறைவாக உள்ள மருந்துகள் நிறையவே இருக்கின்றன.

மனசா, உடம்பா?

இளவயதுக்காரர்களுக்குப் பெரும்பாலும் மனசுதான். பார்த்து இரண்டு மாதமான பெண், வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், மூன்று நாள் தூக்கமில்லை, கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம், காலையில் எல்லார் கண்ணும் தன் முகத்தில்தான் இருக்கும் என்ற நினைப்பு. அட்ரீனலின் சுரக்காமல் என்ன செய்யும்? அன்று வரவில்லை. மறுநாள் "இன்றைக்காவது வருமா" என்று தன்னையே கவனித்துக்கொண்டு போகிறார், அந்தக் கவனிப்பே ஆசையைக் கொன்றுவிடுகிறது, மறுபடி வரவில்லை. அப்புறம் தலைவலி, வேலை என்று சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறார். சில வீடுகளில் இது மாதக்கணக்கில் போய், பெண் வீட்டாருக்குத் தெரிந்து, பஞ்சாயத்தாகி, குடும்ப நீதிமன்றம் வரை போய்விடுகிறது. உடம்பில் ஒரு குறையும் இல்லாத ஒரு ஆணுக்கு.

மனசா உடம்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? தூக்கத்தில் கனவு வருகிற கட்டங்களில் ஆரோக்கியமான ஆணுக்கு ஒரு இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வரும். தூங்குகிறவனுக்குப் பயம் கிடையாது, பரீட்சை கிடையாது. அதனால் தூக்கத்தில் வருகிறது, காலையில் வருகிறது, தனியாக இருக்கும்போது வருகிறது, மனைவியோடு மட்டும் வரவில்லை என்றால் ரத்தக்குழாயும் நரம்பும் நன்றாகத்தான் இருக்கின்றன. எங்கேயுமே வரவில்லை, அதுவும் சில வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்திருக்கிறது என்றால் உடம்பைப் பார்க்க வேண்டும். 1980களில் இதைச் சோதிக்க அஞ்சல்தலையைப் பயன்படுத்தினார்கள். நான்கைந்து ஸ்டாம்பைக் கிழிக்காமல் வரிசையாக எடுத்து, படுக்கும் முன் உறுப்பைச் சுற்றி வளையமாக ஒட்டிவிட வேண்டும், காலையில் துளை போட்ட இடத்தில் கிழிந்திருந்தால் இரவில் விறைப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். இப்போது அதற்குக் கருவி வந்துவிட்டது. எவ்வளவு நேரம், எவ்வளவு கெட்டியாக என்று எல்லாவற்றையும் அது பதிவு செய்துவிடும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். சுகரால் கொஞ்சம் குறைந்திருக்கும், அந்தக் குறை கொடுத்த பயத்தால் மீதியும் போயிருக்கும்.

மனசுப் பக்கத்தில் நம் ஊருக்கென்றே ஒன்று இருக்கிறது, கைப்பழக்க பயம். ஒரு துளி விந்து என்பது பல துளி ரத்தம், அதை வீணாக்கினால் நரம்புத் தளர்ச்சி வரும், உறுப்பு சிறுத்துவிடும், கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போய்விடும் என்று பள்ளிக்கூட வயதிலேயே ஏற்றிவிடுகிறார்கள். இந்த பயத்தால் வருகிற சோர்வு, தூக்கமின்மை, படபடப்பு எல்லாவற்றையும் சேர்த்து 'தாத் சிண்ட்ரோம்' என்று 1960ல் இந்திய மனநல மருத்துவர் என்.என். விக் பெயர் வைத்தார். தெளிவாகச் சொல்கிறேன், சுயஇன்பத்தால் விறைப்புக் குறைபாடு வராது, விந்து தினமும் ஊறிக்கொண்டேதான் இருக்கும். சுயஇன்பம் கெடுத்துவிட்டது என்ற பயத்தால் வேண்டுமானால் வரும்.

இந்த பயத்தில்தான் ஒரு பெரிய வியாபாரமே ஓடுகிறது. 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று தொடங்குகிற டி.வி. நிகழ்ச்சிகளைப் பார்க்காத தமிழர் கிடையாது. மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் முகாம் என்று விளம்பரம் வரும். ரூமுக்குள் போனால் கையைப் பிடித்துப் பார்த்து, "சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா தம்பி?" என்று முதல் கேள்வி. உண்டு என்று தலையாட்டாதவர் யார்? அங்கேயே பயம் உறுதியாகி, மூன்று மாத லேகியம், சூரணம், தைலம் என்று பெரிய பில்லோடு வெளியே வருகிறார். பாலியல் பலவீனத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவரை நான் இதில் சேர்க்கவில்லை, அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, லாட்ஜில் ரூம் போட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

லேகியம் சாப்பிட்டு நிஜமாகவே வேலை செய்ததே என்று சிலர் சொல்வார்கள். செய்திருக்கும். மூலிகை என்று விற்கிற பல வீரிய மருந்துகளைச் சோதித்துப் பார்த்தபோது உள்ளே வயாக்ரா மாத்திரையில் இருக்கிற அதே சில்டெனாஃபில் தூள் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற மாத்திரையை, எவ்வளவு மில்லிகிராம் என்றே தெரியாமல், ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சாப்பிடுவது பணத்துக்கு மட்டும் கேடில்லை. ஏன் என்பதை இனி பார்ப்போம்.

மாத்திரை: எப்படி, யாருக்குக் கூடாது

இங்கிலாந்தின் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் நெஞ்சுவலிக்காக ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுவலிக்கு அது சுமாராகத்தான் உதவியது, ஆனால் மருந்து சாப்பிட்ட ஆண்கள் எதிர்பாராத ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள். அதுதான் சில்டெனாஃபில், 1998 மார்ச்சில் வயாக்ரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு டடாலஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில் எல்லாம் வந்தன. எல்லாமே செய்கிற வேலை ஒன்றுதான், பி.டி.இ.-5 நொதியை மடக்கி வைப்பது. சைக்ளிக் ஜி.எம்.பி. உடையாமல் நிற்கும், தசை தளர்ந்தே இருக்கும்.

ஆனால் உடையாமல் நிற்க முதலில் அது உண்டாக வேண்டும் அல்லவா? அதற்கு ஆசையும் தொடுதலும் வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. மாத்திரை ஆசையைக் கூட்டாது, உறுப்பைப் பெரிதாக்காது. பலர் "எனக்கு வேலை செய்யவில்லை" என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் பிரியாணி. சில்டெனாஃபிலை உறவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வயிறு காலியாகவோ லேசாகவோ இருக்கும்போது சாப்பிட வேண்டும், கொழுப்பான சாப்பாட்டுக்கு மேல் போட்டால் மருந்து உடம்பில் ஏறவே தாமதமாகும். வேலை செய்வது நான்கைந்து மணி நேரம். டடாலஃபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, 36 மணி நேரம் வரை பலன் இருக்கும், தினமும் 5 மில்லிகிராம் என்ற சின்ன அளவிலும் எடுக்கலாம். மணி பார்த்து உறவு கொள்ளப் பிடிக்காதவர்களுக்கு அது வசதி. ஒருமுறை சாப்பிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடாமல், சரியான முறையில் ஆறேழு தடவையாவது பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். தலைவலி, முகம் சூடாகிச் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம், டடாலஃபிலில் முதுகுவலியும் வரலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காமல் வலித்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் உள்ளே இருக்கும் திசு செத்துப்போகும். திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கினாலும் அப்படித்தான், உடனே போக வேண்டும்.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு நின்று பார்த்தால் இதைக் காணலாம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஓரமாக நின்று போனைத் தள்ளிக்கொண்டிருப்பார். கூட்டம் கலைந்ததும் கவுண்டரில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அந்த நூறு ஒண்ணு." கடைக்காரர் அட்டையில் ஒரு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். சீட்டு கேட்க மாட்டார், டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தும். சில்டெனாஃபிலை வழக்கமாக ஆரம்பிப்பது 50 மில்லிகிராமில், வயதானவர்களுக்கும் கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் 25ல், ஆனால் அவர் நேராக 100. அது போகட்டும். கடைக்காரர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை: "நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

நோபல் கதை இங்கேதான் திரும்ப வருகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கிற சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் எல்லாம் நைட்ரேட் வகை. அவை உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடைக் கொட்டி சைக்ளிக் ஜி.எம்.பி.யை ஏகத்துக்கு உண்டாக்கும். விறைப்பு மாத்திரையோ அதை உடைய விடாது. இரண்டும் சேர்ந்தால் உடம்பு முழுக்க ரத்தக்குழாய்கள் விரிந்து, பிரஷர் தடதடவென்று இறங்கி, ஆள் மயங்கி உயிரே போகலாம். நைட்ரேட் சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரைகள் எதையும் தொடவே கூடாது. நெஞ்சுவலிக்கே கொடுக்கிற நிகோராண்டில் என்ற மாத்திரைக்கும் இதே விதி. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்றவை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இரண்டு மாடி ஏறினாலே நெஞ்சு பிடிக்கிறவர்கள், முதலில் இதயத்தைப் பார்த்தாக வேண்டும். மாத்திரை சாப்பிட்ட இரவில் நெஞ்சுவலி வந்தால், மானம் மரியாதை எல்லாம் பார்க்காமல் 108 ஆம்புலன்ஸ்காரரிடமே இதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர் முதலில் கொடுக்கப் பார்ப்பது நாக்கடி மாத்திரையாக இருக்கலாம். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரம், டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கொடுக்க மாட்டார்கள். லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடுவதன் ஆபத்து இப்போது புரிந்திருக்கும்.

மாத்திரை இல்லாமலும், மாத்திரை பலிக்காவிட்டாலும்

உடம்பைச் சரி செய்வது பேச்சுக்குச் சொல்கிற அறிவுரை என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் விறைப்புக் குறைபாடு உள்ள 110 குண்டான ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாப்பாட்டையும் நடையையும் கறாராக ஒழுங்குபடுத்தினார்கள். 2004ல் வெளியான முடிவில், இரண்டு வருடத்தில் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்தே இல்லாமல் விறைப்பு பழைய நிலைக்கு வந்திருந்தது. இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியும் இருக்கிறது. சிறுநீரைப் பாதியில் நிறுத்த எந்தத் தசையை இறுக்குவோமோ அதை இறுக்கி, சில நொடி பிடித்து, விட வேண்டும், உட்கார்ந்த இடத்தில் யாருக்கும் தெரியாமல் செய்யலாம். பிரிட்டனில் 55 பேரிடம் பார்த்ததில் ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். மனசுதான் காரணம் என்றால், அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970 வாக்கில் பரவலாக்கிய முறையை மருத்துவர்கள் சொல்லித் தருவார்கள்: சில வாரங்களுக்கு உடலுறவு கூடவே கூடாது, தொடுவதும் தடவுவதும் மட்டும்தான். பரீட்சையை ரத்து செய்துவிட்டால் பயம் போய்விடுகிறது, பலர் அந்தத் தடையை மீறிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டு வந்து சொல்வார்கள்.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு வெற்றிடப் பம்பு இருக்கிறது. உறுப்பின் மேல் குழாயை வைத்துக் காற்றை உறிஞ்சினால் ரத்தம் வந்து நிறையும், அடியில் ரப்பர் வளையம் போட்டு நிறுத்த வேண்டும், அரை மணிக்கு மேல் வளையத்தை விட்டுவைக்கக் கூடாது. அடுத்தது ஊசி. மெல்லிய ஊசியால் உறுப்பின் பக்கவாட்டில் நோயாளியே போட்டுக்கொள்வது, கேட்கத்தான் பயங்கரம், வலி குறைவு. ஊசி வேலை செய்கிறது என்பதை நிரூபித்த விதம் மருத்துவ உலகில் இன்றும் பேசப்படுகிற கதை. 1983ல் லாஸ் வேகஸில் சிறுநீரியல் மருத்துவர்கள் மாநாட்டில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு மேடையேறி, பேச்சின் நடுவில் பேண்ட்டை இறக்கிக் காட்டினார். முன்வரிசையில் கோட்டு சூட்டும் இரவு விருந்து உடையுமாக மருத்துவர்களும் அவர்கள் மனைவிமார்களும். அதற்குப் பிறகு சந்தேகம் கேட்க ஆளில்லை.

எதுவுமே பலிக்காதவர்களுக்கு அறுவை சிகிச்சையில் உள்ளே செயற்கைத் தண்டு பொருத்துகிறார்கள். வளைத்து நிமிர்த்துகிற வகை உண்டு, விதைப்பைக்குள் இருக்கும் சின்ன பம்பை அழுத்தினால் நீர் ஏறி விறைக்கிற வகை உண்டு. இரண்டாவது லட்சக்கணக்கில் ஆகும். பொருத்திய பிறகு இயல்பான விறைப்புக்குத் திரும்ப முடியாது என்பதால் இது கடைசி வழி.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி பற்றி ஒரு எச்சரிக்கை. ரத்தத்தில் நிஜமாகவே குறைவு என்று இரண்டு முறை பார்த்து உறுதியானால்தான் அது வேண்டும். குறைவில்லாதவருக்கு அதனால் விறைப்பு கூடாது, ஆனால் வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விதை விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். குழந்தைக்குக் காத்திருக்கிறவர் ஜிம் நண்பர் சொன்னார் என்று இதைப் போட்டுக்கொள்வது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது. ஷாக்வேவ் (அதிர்வலை சிகிச்சை), பி.ஆர்.பி. (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடுகிற ஊசி), ஸ்டெம் செல் என்று பெரிய நகரக் கிளினிக்குகள் பேக்கேஜ் விற்கின்றன. ஷாக்வேவில் லேசான ரத்தக்குழாய்ப் பிரச்சினைக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது, மற்ற இரண்டும் இன்னும் சோதனைக் கட்டம்தான், அதற்குக் கடன் வாங்க வேண்டாம்.

மனைவியிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் தன்னைப் பிடிக்கவில்லை என்றோ வேறு ஏதோ தொடர்பு என்றோதான் நினைத்துக்கொள்வார், அது விறைப்பைவிடப் பெரிய பிரச்சினை.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் பலருக்கு மலை. "டாக்டர், ஆறு மாசமா விறைப்பு சரியா வரல" என்ற ஒரு வரி போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். ஓ.பி.யில் பக்கத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள் என்றால் சீட்டின் பின்னால் எழுதி நீட்டிவிடலாம். முதலில் யூராலஜிஸ்ட்தான் வேண்டும் என்றில்லை, சுகருக்கும் பிரஷருக்கும் பார்க்கிற பொது மருத்துவரே தொடங்கலாம். எப்போது ஆரம்பித்தது, காலையில் வருகிறதா, ஆசை இருக்கிறதா, தூக்கம், குடி, சிகரெட், வீட்டில் எப்படி என்று கேட்பார். பிரஷர் பார்ப்பார், தொப்பையை அளப்பார், விதையைத் தொட்டுப் பார்ப்பார், கூச்சப்படாதீர்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும், லேகிய டப்பா இருந்தால் அதையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில் எடுத்துக்கொண்டு போங்கள். சுகர், கொழுப்பு இரண்டும் வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும், டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால் அதையும் காலையில்தான் எடுக்க வேண்டும். அதனால் டிபன் சாப்பிடாமல் காலை எட்டு மணிக்கே லேப்புக்குப் போய்விட்டால் எல்லாவற்றையும் ஒரே குத்தில் முடித்துவிடலாம்.